‘ஒண்ணும் ஆகாது’ என்று சொல்லாமல் இருக்கப் பழகியது

அவசர அழைப்பு மையத்தில் போன் எடுக்கும் வேலைக்கு எப்படிச் சேர்வது, உள்ளே என்னதான் நடக்கிறது என்று பலர் கேட்டுவிட்டார்கள். பயிற்சியும் தகுதிகாண் காலமும் முடிந்து இப்போது தனியாக உட்கார்ந்து அழைப்புகளை எடுக்கிறேன், அதனால் எழுதலாம் என்று தோன்றியது. கூப்பிட்டவர்களை அடையாளம் காட்டும் எதையும் எழுதவில்லை, சில விவரங்களை மாற்றியும் இருக்கிறேன்.

தேர்வில் தட்டச்சு வேகம் பார்ப்பார்கள். ஆனால் வேகம் மட்டும் போதாது. காதில் ஒருவர் நிறுத்தாமல் பேசிக்கொண்டே இருப்பார், அவர் சொல்லும் தெருப் பெயரையும் வண்டி எண்ணையும் அடித்துக்கொண்டே திரையின் ஓரத்தில் நிறம் மாறினால் ஒரு பட்டனையும் அழுத்த வேண்டும். காது கேட்கும் திறனுக்கும் ஒரு பரிசோதனை உண்டு. இதையெல்லாம் முடித்துவிட்டேன். நேர்காணலில்தான் இடறினேன். “ஒருத்தர் கதறி அழுதுகிட்டே கூப்பிடறார், முதல்ல என்ன பேசுவீங்க?” என்று கேட்டார்கள். யோசிக்கவே இல்லை நான். “பயப்படாதீங்க, ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லி ஆறுதல்படுத்துவேன்” என்றேன். எதிரில் இருந்த அம்மா தாளில் ஏதோ குறித்துக்கொண்டு, “சரி, அவர் எங்க இருக்கார்?” என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

அப்படியும் எடுத்துக்கொண்டார்கள். ஆனால் அந்த ஒரு கேள்வியைப் புரிந்துகொள்ள எனக்கு மூன்று மாதத்துக்கு மேல் ஆனது.

முதல் சில வாரங்கள் வகுப்பறைதான். வரைபடம், கணினி, சட்டம், முதலுதவி. கூடவே இந்த வேலை எப்படி உருவானது என்பதையும் கொஞ்சம் சொல்லித் தந்தார்கள். 1935-இல் லண்டனில் விம்போல் தெருவில் ஒரு வீடு தீப்பிடித்து ஐந்து பெண்கள் இறந்தார்கள், தீயைப் பார்த்துவிட்டு போன் செய்த அக்கம்பக்கத்துக்காரரின் அழைப்பு எக்ஸ்சேஞ்சில் மற்ற அழைப்புகளோடு வரிசையில் காத்துக்கொண்டிருந்தது. அவர் பத்திரிகைக்குக் கடிதம் எழுத, விஷயம் பெரிதாகி, 1937-இல் 999 என்ற எண் வந்தது. அதாவது இந்த வேலையே ஒருவர் போனைப் பிடித்துக்கொண்டு காத்திருந்ததில் இருந்து பிறந்தது. மணி அடித்ததும் எடுத்தாக வேண்டும் என்பதில் மேற்பார்வையாளர்கள் ஏன் அவ்வளவு கறாராக இருக்கிறார்கள் என்று அதன் பிறகு நான் கேட்டதே இல்லை.

எனக்குப் பிடிக்காமல் போனது கேள்விப் பட்டியல். திரையில் என்ன வருகிறதோ அதை அதே வார்த்தைகளில், அதே வரிசையில் கேட்க வேண்டும். 1970-களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டியில் ஜெஃப் கிளாசன் என்ற மருத்துவர் அட்டைகளில் எழுதிவைத்த முறை இது. அதற்கு முன்பு பெரும்பாலான இடங்களில் போன் எடுப்பவர் முகவரியை வாங்கி வண்டியை அனுப்புவார், அத்தோடு சரி. வண்டி போய்ச் சேரும் வரை என்ன செய்வது என்று சொல்லித் தர வழி இல்லை. இப்போது அந்தக் கேள்விகளின் பதிலை வைத்துத்தான் எந்த வண்டி, எவ்வளவு அவசரம், போனில் என்ன சொல்ல வேண்டும் என்பதெல்லாம் முடிவாகிறது. இது புரிந்தாலும் மனசு ஒப்பவில்லை. ஒரு மனுஷன் அழுதுகொண்டிருக்கும்போது தாளைப் பார்த்துப் படிக்கிற மாதிரி பேசுவது கல்நெஞ்சு வேலை என்றே நினைத்தேன்.

முதல் கேள்வி எப்போதும் இடம்தான். என்ன நடந்தது என்பதுகூட இரண்டாவதுதான். லைன் கட்டாகிவிட்டால் இடம் தெரிந்தவருக்கு யாரையாவது அனுப்பலாம், இடம் தெரியாதவருக்கு எதுவும் செய்ய முடியாது. போன் எண்ணை வைத்தே எங்களுக்கு எல்லாம் தெரிந்துவிடும் என்று நிறையப் பேர் நம்புகிறார்கள். செல்போன் கோபுரத்தை வைத்துப் பார்த்தால் ஒரு பெரிய வட்டம்தான் திரையில் வரும், அதற்குள் எத்தனையோ தெருக்கள் இருக்கும். சில நாடுகளில் அவசர எண்ணை அழைத்தவுடன் ஸ்மார்ட்போன் தானாகவே தன் இருப்பிடத்தை அனுப்பும் வசதி வந்திருக்கிறது, ரொம்ப நல்ல விஷயம், ஆனால் அடுக்குமாடியில் எத்தனையாவது மாடி என்று அது சொல்லாது. வேறொருவர் வீட்டில் இருந்து பேசுபவருக்கு முகவரியே தெரியாது. அப்போது அங்கே கிடக்கும் பில், கூரியர் கவர் எதையாவது எடுத்துப் படிக்கச் சொல்வோம். சாலையில் இருப்பவரிடம் கம்பத்தில் எண் இருக்கிறதா, எதிரில் கடைப் பலகையில் என்ன எழுதியிருக்கிறது, கடைசியாகத் தாண்டிய பாலம் எது என்று கேட்போம். முகவரியை ஒரு தடவை வாங்கினால் போதாது, திரும்பவும் சொல்லச் சொல்லி இரண்டும் பொருந்துகிறதா என்று பார்த்த பிறகுதான் அடுத்த கேள்வி.

அப்போதுதான் திட்டு விழும். “கேள்வி கேட்டுட்டே இருக்கீங்களே, முதல்ல வண்டிய அனுப்புங்க!” இதைக் கேட்காத ஷிஃப்டே இல்லை. ஒன்றை எல்லோரும் தெரிந்துகொண்டால் நன்றாக இருக்கும். நாங்கள் பேசப் பேச நான் அடிப்பதெல்லாம் வண்டிகளை அனுப்பும் பிரிவின் திரையில் வந்துகொண்டே இருக்கும். முகவரியும் என்ன பிரச்சினை என்பதும் தெரிந்த உடனேயே வண்டி கிளம்பிவிடலாம், மிச்சக் கேள்விகள் நடப்பது வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது. நான் கேள்வி கேட்பதால் வண்டி நிற்பதில்லை.

பயிற்சியில் என் டிரெய்னர் பதற்றத்தில் கத்துபவராக நடிப்பார். நான் “சார், கொஞ்சம் அமைதியா இருங்க” என்பேன், அப்புறம் “முகவரி சொன்னாத்தானே உதவ முடியும்” என்பேன், அப்புறம் வேறு மாதிரி. அவர் அடங்கவே மாட்டார். ஒருநாள் நிறுத்திவிட்டு விளக்கினார்: பதறிப் போனவர் காதில் புது வாக்கியம் ஒவ்வொன்றும் புது சத்தமாகத்தான் விழும், அதனால் வார்த்தையை மாற்றக் கூடாது, குரலையும் உயர்த்தக் கூடாது. “வண்டி அனுப்ப எனக்கு முகவரி வேணும், முகவரி சொல்லுங்க.” இதையே, இதே தொனியில், மூன்று தடவை, நான்கு தடவை. காரணத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். முதலில் செயற்கையாக இருந்தது. உண்மையான அழைப்பில் முதன்முதலாக, கத்திக்கொண்டிருந்த ஒருவர் மூன்றாவது தடவையில் சட்டென்று நின்று கதவு எண்ணைச் சொன்னபோது எனக்குப் புல்லரித்துவிட்டது.

வகுப்பு முடிந்ததும் ஒரு சீனியர் அக்காவோடு உட்காரவைத்தார்கள். ஒரே லைனில் இரண்டு ஹெட்செட். முதலில் அவர் பேச நான் கேட்டேன், பிறகு நான் பேச அவர் கேட்டார், நான் தடுமாறினால் அவரால் உடனே உள்ளே வர முடியும்.

பாதி அழைப்புகள் நினைத்ததற்கு நேர்மாறாக இருந்தன. பையில் கிடந்த போன் தானாக அழைத்தது, குழந்தை விளையாட்டாக அழுத்தியது. தவறுதலாக அழைத்துவிட்டால் தயவுசெய்து கட் செய்யாமல், தவறி வந்துவிட்டது என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். சொல்லாமல் வைத்துவிட்டால் ஏதாவது ஆபத்தோ என்று நாங்கள் திரும்பக் கூப்பிட்டுப் பார்க்க வேண்டும். ஏனென்றால் பேச முடியாமல் கூப்பிடுபவர்களும் உண்டு. பக்கத்திலேயே அடிக்கிறவன் இருப்பான், அவர்களால் வாயைத் திறக்க முடியாது. பிரிட்டனில் அப்படி மொபைலில் கூப்பிடுபவர் 55 அழுத்தினால் போலீஸுக்கு இணைப்பார்கள். நாங்கள் “ஆமாம், இல்லைன்னு மட்டும் சொல்லுங்க, போதும்” என்று ஆரம்பிப்போம். அந்த அழைப்புகளில் பின்னால் கேட்கும் சத்தங்களையும் ஒன்றுவிடாமல் அடித்துவைக்க வேண்டும். கதவு, காலடி, இன்னொரு குரல், எதையும் விடக்கூடாது.

மூன்றாவது மாதம் மதிப்பீடு. என் பழைய அழைப்புகளில் சிலவற்றை எடுத்துக் கேட்டு மதிப்பெண் போட்டார்கள். தோற்றேன். ஒரு பாட்டிக்கு முகம் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது என்று பேரன் பேசிய அழைப்பு. “கவலைப்படாத தம்பி, பாட்டிக்கு ஒண்ணும் ஆகாது” என்று நான் மூன்று இடத்தில் சொல்லியிருந்தேன். கடைசியாக எப்போது நன்றாக இருந்தார் என்ற கேள்வியை விட்டுவிட்டேன். பக்கவாதத்தில் ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தை வழக்கமாக நாலரை மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும், அதனால் அந்த ஒரு பதில் ஆஸ்பத்திரிக்கு ரொம்ப முக்கியம். அந்தப் பதிவை ஹெட்செட்டில் கேட்டபோது என் குரல் எனக்கே இதமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பையனுக்கு நான் கொடுத்தது என்னால் காப்பாற்ற முடியாத வாக்கு. மதிப்பிட்டவர் கோபப்படவில்லை. “உங்களுக்குத் தெரியாததைச் சொல்லாதீங்க, தெரிஞ்சதைச் சொல்லுங்க” என்றார். “வண்டி கிளம்பிடுச்சு. நான் லைன்லயே இருக்கேன். இப்ப இதைச் செய்யுங்க. இந்த மூணும் உங்களுக்குத் தெரியும்.” மறுபடியும் அக்கா பக்கத்தில் இன்னும் சில வாரம் உட்கார வேண்டியதாயிற்று.

அந்த வாரங்களில் வந்த ஒரு அழைப்பைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

இரவு ஷிஃப்ட். இளம் பெண் குரல், அப்பா நாற்காலியில் இருந்து சரிந்துவிட்டார் என்றாள். முகவரி சரியாகச் சொன்னாள், இரண்டாவது தடவையும் பொருந்தியது. முழித்திருக்கிறாரா? இல்லை. மூச்சு விடுகிறாரா? “விடறாருங்க, குறட்டை மாதிரி சத்தமா வருது.” பதில் ‘ஆம்’ என்றுதான் இருக்கிறது, நானும் ‘ஆம்’ என்று அடிக்கப் போனேன். பக்கத்தில் அக்கா என் மணிக்கட்டில் விரலை வைத்தார். இதயம் நின்றுபோன பிறகும் சிலருக்குச் சில நிமிடம் இப்படி ஒரு மூச்சு வரும். இழுப்பு மாதிரி, குறட்டை மாதிரி, கேவல் மாதிரி. பார்ப்பவர்கள் அதை மூச்சு என்றே நினைப்பார்கள். சோதிக்க ஒரு வழி உண்டு. “அவர் ஒவ்வொரு தடவை மூச்சு இழுக்கும்போதும் ‘இப்போ’ன்னு சொல்லுங்கம்மா.”

“இப்போ” என்றாள்.

அப்புறம் ஒன்றும் இல்லை. திரையில் நொடிகள் ஓடின. நான் எதுவும் பேசக்கூடாது, எண்ணிக்கொண்டு இருக்க வேண்டும். பதினொன்று எண்ணிய பிறகுதான் அடுத்த ‘இப்போ’ வந்தது. அது மூச்சு இல்லை.

தரையில் மல்லாக்கப் படுக்கவைக்கச் சொன்னேன். நெஞ்சின் நடுவில் ஒரு உள்ளங்கையின் அடிப்பகுதி, அதன் மேல் இன்னொரு கை, கையை மடக்காமல் 5 சென்டிமீட்டராவது உள்ளே போகும்படி அழுத்த வேண்டும், விட்டதும் நெஞ்சு முழுசாக மேலே வர வேண்டும். நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை. அந்த வேகத்தை அவள் தானாகப் பிடிக்க முடியாது, அதனால் நான் எண்ண வேண்டும். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. கொஞ்ச நேரத்தில் நிறுத்திவிட்டாள். “ஏதோ உடைஞ்ச மாதிரி சத்தம் வந்துச்சு, எனக்குப் பயமா இருக்கு.” அது நடக்கும், நிறுத்தக் கூடாது, தொடர்ந்து அழுத்துங்கள் என்றேன். இதயம் நின்ற பிறகு யாரும் அழுத்தாமல் போகும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறையும் என்று வகுப்பில் படித்தது அப்போது தலைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது.

மறுபடியும் எண்ண ஆரம்பித்தோம். அப்போது கேட்டாள், அழுத்திக்கொண்டே, மூச்சு வாங்க: “அப்பாவுக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?”

தொண்டை வரைக்கும் வந்துவிட்டது அந்த வார்த்தை. நான் சொன்னது இதுதான்: “நீங்க அழுத்தறதுதான்மா இப்ப அவருக்கு ரத்தத்தை ஓடவைக்குது. வண்டி வந்துட்டே இருக்கு. என்கூட எண்ணுங்க.” அவள் எண்ணினாள். இரண்டு பேரும் சேர்ந்து எண்ணினோம், எத்தனை நூறு என்று தெரியவில்லை. கதவு தட்டும் சத்தம், பூட்ஸ் சத்தம், “நாங்க பார்த்துக்கறோம், தள்ளிக்கோங்க” என்று ஒரு குரல், லைன் கட்டாகிவிட்டது.

அவருக்கு என்ன ஆனது என்று எனக்குத் தெரியாது. பெரும்பாலும் எங்களுக்குத் தெரிவதில்லை, இந்த வேலைக்கு வர நினைப்பவர்கள் முன்கூட்டியே மனதைத் தயார்படுத்திக்கொள்ள வேண்டியது இதற்குத்தான், கத்தலுக்கோ ரத்தத்துக்கோ இல்லை. அக்கா என் ஹெட்செட்டைக் கழற்றி வாங்கி வைத்துவிட்டு வெளியே அனுப்பினார். பத்து நிமிடம் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தேன். கை தானாகவே தொடையில் நாலு நாலாகத் தட்டிக்கொண்டிருந்தது. நேர்காணலுக்குப் போகிறவர்கள் சம்பளம், ஷிஃப்ட் எல்லாம் கேட்பதோடு, கஷ்டமான அழைப்புக்குப் பிறகு எழுந்து போக விடுவார்களா, பேச ஆள் இருக்கிறார்களா என்று கட்டாயம் கேளுங்கள். அதற்குச் சரியான பதில் வராத இடமாக இருந்தால் நான் சேர மாட்டேன்.

இரண்டாவது மதிப்பீட்டுக்கு அந்த அழைப்பையே எடுத்திருந்தார்கள். முழுவதையும் மறுபடி கேட்க வேண்டியிருந்தது. தேறிவிட்டேன். மதிப்பிட்டவர் ஒரே ஒரு இடத்தில் பதிவை நிறுத்தி இரண்டு தடவை ஓட்டிக் காட்டினார். அழுத்த ஆரம்பித்த பிறகும் என் குரல் அவளுக்குச் சரியாகக் கேட்கவில்லை, “என்னங்க? என்னங்க?” என்கிறாள். போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு அழுத்தியிருக்கிறாள், அதிலேயே கிட்டத்தட்ட இருபது நொடி போயிருந்தது. ஸ்பீக்கரில் போட்டுத் தரையில் வைக்கச் சொல்லி நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். இப்போது ‘முழிச்சிருக்காரா’ என்ற கேள்விக்கு ‘இல்லை’ என்று வந்த உடனேயே அதைச் சொல்லிவிடுகிறேன்.