ஹைட்ரஜன் எஞ்சினோடு ஏழு சனிக்கிழமை

எஞ்சின் என்னுடையது இல்லை. இதைப் படித்துவிட்டு யாரும் மொட்டை மாடிக்கு ஹைட்ரஜன் சிலிண்டரை ஏற்றிவிடக் கூடாது என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோவைப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியின் லேபில் பழைய ஒற்றை சிலிண்டர் டீசல் எஞ்சின் ஒன்று கிடக்கிறது. போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 87.5 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஓடும் தூரம்) 110, மொத்தம் 661 சிசி, 1500 சுற்றில் 5 ஹெச்.பி. ஒரு காலத்தில் கிணற்று மேட்டில் ‘டுக்கு டுக்கு’ என்று ஓடிக்கொண்டிருந்த அதே ஜாதி. முன்பு ஒரு ஆராய்ச்சி மாணவர் அதன் கம்ப்ரஷனைக் குறைத்து, டீசல் இன்ஜெக்டர் இருந்த இடத்தில் ஸ்பார்க் பிளக் வைத்து, இன்டேக் வால்வை ஒட்டி ஒரு கேஸ் இன்ஜெக்டர் மாட்டி ஹைட்ரஜனில் ஓட வைத்தார். பட்டம் வாங்கிக்கொண்டு போய்விட்டார். எஞ்சின் மட்டும் மிச்சம்.

நான் மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருக்கிறேன். சனிக்கிழமை மதியம் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு, சென்சார் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கல்லூரிக்குப் போய்விடுவேன். கேஸ் சிலிண்டர் வெளியே கூண்டுக்குள் இருக்கிறது. நடுவில் தீ சிலிண்டர் பக்கம் திரும்பிப் போகாமல் தடுக்கும் தண்ணீர் ஃப்ளேம் டிராப், ஒருவழி வால்வு, மேற்கூரையில் கசிவு அலாரம். சாவி லேப் அண்ணனிடம். அவர் இல்லாமல் ஒரு வால்வும் திறக்காது.

தேடியது ஒன்றுதான். எஞ்சின் முரண்டு பிடித்தால் கோளாறு காற்று வரும் வழியிலா, எரிவதிலா என்று விலை குறைந்த சென்சார்களை வைத்தே சொல்ல முடியுமா? பெட்ரோல் எஞ்சினில் இவை இரண்டும் பெரும்பாலும் தனித்தனிக் கேள்விகள். ஹைட்ரஜனில் அப்படி இல்லை, ஒன்று இன்னொன்றைப் பெற்றுப் போடும். இந்த எஞ்சினில் காற்றைக் கூட்டிக் குறைக்கும் திராட்டில் கிடையாது. காற்று எப்போதும் முழுசாகத்தான் போகும், லோடு கூடினால் கேஸ் மட்டும் கூடும். நாங்கள் ஓட்டியது லாம்டா 2.2. அதாவது தேவைக்கு இரண்டு மடங்குக்கும் மேல் காற்று. அப்படியும் உள்ளே போகும் கலவையில் கிட்டத்தட்ட 16 சதவீத இடத்தை ஹைட்ரஜனே அடைத்துக்கொள்கிறது, அவ்வளவு லேசான வாயு. ஏர் ஃபில்டர் அடைத்தால் காற்று குறையும், கலவை கெட்டியாகும், எரிவது வேகமாகும். பற்றவைக்க 0.02 மில்லிஜூல் போதும், பெட்ரோலுக்கு வேண்டியதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. பெட்ரோல் தீ 2 மில்லிமீட்டர் இடுக்கில் அணைந்துவிடும், ஹைட்ரஜன் தீயை அணைக்க இடுக்கு 0.6 மில்லிமீட்டர் பக்கம் குறுக வேண்டும். பிளக்கில் ஒட்டிய கரித்துண்டு கொஞ்சம் சிவந்தாலே போதும், இன்டேக் பைப்புக்குள் வெடிக்கும். வெடித்தால் ஹோஸ் கிழியும். இப்போது காற்று வழியிலும் கோளாறு. எது முதலில் வந்தது?

முதல் சனி, இரண்டாம் சனி. சொல்ல வெட்கமாக இருக்கிறது. பொறி எப்போது அடிக்க வேண்டும் என்று சொல்லும் இக்னிஷன் பிக்கப் தளர்ந்திருந்தது. ‘நான் சரி பண்ணித் தருகிறேன்’ என்று ஃப்ளைவீலில் ஒரு காந்தத்தை ஒட்டி, அது கடப்பதை உணரும் ஹால் சென்சார் வைத்தேன். பைக்குகளில் பார்த்த பழக்கம். ஃப்ளைவீலில் வைத்தால் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு பொறி. நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு இரண்டு சுற்றுக்கு ஒன்று போதும், மற்றது எக்ஸாஸ்ட் முடிகிற நேரத்தில் வீணாக அடிக்கும். பெட்ரோலில் அதனால் ஒன்றும் ஆகாது. இங்கே அந்த நேரத்தில் இன்டேக் வால்வு லேசாகத் திறந்திருக்கிறது, போர்ட்டில் போன முறையின் ஹைட்ரஜன் துளி தங்கியிருக்கிறது. ஸ்டார்ட் ஆன சில நொடிகளில் ‘டப்’. தீபாவளி லட்சுமி வெடி மாதிரி. இன்டேக்கில் இருந்த கம்பி வலை தீயை நிறுத்தியது.

அண்ணன் சத்தம் போடவில்லை. கேஸை மூடிவிட்டு, “பைக்குன்னு நெனச்சுட்டீங்களா தம்பி?” என்று மட்டும் கேட்டார். அடுத்த வாரம் பிக்கப்பை கேம் ஷாஃப்டுக்கு மாற்றினேன். பிளக்கும் சூடு குறைந்த ரகமாக மாறியது. பிளாட்டினம் முனை உள்ள பிளக் இதற்கு ஆகாது, பிளாட்டினமே ஹைட்ரஜனை எரியத் தூண்டிவிடும்.

மூன்றாம் சனி முழுவதும் வீண். பைக் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் வழியாகவே அயனி மின்னோட்டம் அளந்து பார்த்திருக்கிறேன். பிளக் இடைவெளியில் சிறிய வோல்டேஜ் கொடுத்தால், எரியும்போது ஒட்டக முதுகு மாதிரி இரண்டு மேடு வரும். அதை வைத்து எப்போது எரிந்தது என்று சொல்லிவிடலாம். இங்கே மாட்டிப் பார்த்தால் ஆஸிலோஸ்கோப்பில் கோடு படுத்துக் கிடக்கிறது. வயரை மாற்றினேன், கெயினை ஏற்றினேன், சாயங்காலம் வரை மல்லுக்கட்டினேன். கடைசியில் கெமிஸ்ட்ரி லேப் பக்கம் டீ குடிக்கப் போனபோதுதான் உறைத்தது. அங்கே வாயுக் கலவையைப் பிரித்து அளக்கும் கேஸ் குரோமடோகிராஃப் இருக்கிறது, அதன் டிடெக்டரில் எரிவது ஹைட்ரஜன் தீ. ஏன் ஹைட்ரஜன்? அந்தத் தீயில் அயனிகள் அநேகமாக இருக்காது, கார்பன் உள்ள பொருள் வந்தால் மட்டும் சிக்னல் எழும். அதாவது அந்தக் கருவி வேலை செய்யும் காரணமே என் கருவி வேலை செய்யாத காரணம். பெட்டியைக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

நான்காம் சனி, புகையில் மிஞ்சும் ஆக்சிஜனை வைத்து லாம்டாவைச் சொல்லும் லாம்டா சென்சார். ஹைட்ரஜன் எக்ஸாஸ்ட் என்பது பெரும்பாலும் ஈரக்காற்று. பைப் சூடாவதற்குள் உள்ளே தண்ணீர் கோத்துக்கொள்ளும், சூடான சென்சார் மேல் ஒரு சொட்டு பட்டால் பீங்கான் விரிசல் விடும். ஒன்று அப்படியே போனது. இப்போது சென்சாரைப் பைப்பின் மேல்பக்கமாக நட்டுவைத்திருக்கிறேன், பைப் கையில் சுடும் வரை ஹீட்டரைப் போடுவதில்லை. இன்னொன்று, மீட்டர் பெட்ரோலுக்குக் கணக்குப் போட்டுக் காட்டுகிறது. லாம்டா 2.0-ல் ஹைட்ரஜன் புகையில் ஆக்சிஜன் 9.5 சதவீதம். அதே ஆக்சிஜனுக்குப் பெட்ரோல் கணக்கில் 1.88 வரும். கீழே நான் சொல்வதெல்லாம் திருத்திய எண்.

ஐந்தாம் சனிக்கிழமையைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும்.

காற்றை அளக்க லேபில் பழைய ஏற்பாடு. பெரிய இரும்புப் பெட்டி, அதன் வாயில் 20 மில்லிமீட்டர் ஆரிஃபைஸ் (அளவெடுத்துப் போட்ட துளை), அதற்கு முன்னால் ஃபில்டர். பெட்டியில் இருந்து ஒரு டியூப், அழுத்த வித்தியாசத்தைத் தண்ணீர் மட்டத்தில் காட்டும் மானோமீட்டருக்குப் போகிறது, மானோமீட்டரின் மறுமுனை திறந்த காற்றில். எஞ்சின் ஓடும்போது 57 மில்லிமீட்டர் காட்டும். அந்த இடத்தில் அண்ணன் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறார். அதே டியூபில் டி போட்டு ஒரு எம்பிஎக்ஸ்வி7002 அழுத்த சென்சாரை ஈஎஸ்பி32 என்ற குட்டிக் கணினி போர்டோடு இணைத்தேன். இன்டேக் பைப்பில் 20 முதல் 250 கிலோபாஸ்கல் வரை அளக்கும் இன்னொன்று.

ஃபில்டர் அடைப்பைப் பார்ப்போம் என்று அதன் மேல் வேட்டித் துணியை ஒரு மடிப்பு போர்த்தினோம். மானோமீட்டர் 57-ல் இருந்து 110-க்கு ஏறியது. என் போர்டு, மாணவர் விட்டுப்போன சூத்திரப்படி, காற்று 39 சதவீதம் கூடிவிட்டது, லாம்டா 3-ஐத் தாண்டிவிட்டது என்று சந்தோஷமாக எழுதியது. எக்ஸாஸ்டில் இருந்த சென்சார் 2.2-ஐ விட்டு நகரவில்லை.

“துணி போத்துனா காத்து சாஸ்தியாகுமா தம்பி? அப்ப எல்லாரும் போத்திக்கலாமே” என்று அண்ணன் சிரித்தார்.

ஐந்து நிமிடம் விழித்துவிட்டுத்தான் புரிந்தது. மானோமீட்டரின் ஒரு முனை திறந்த காற்றில் இருப்பதால் அது ஆரிஃபைஸை மட்டும் அளக்கவில்லை, துணியையும் சேர்த்து அளக்கிறது. துணி போட்ட தடையெல்லாம் சூத்திரத்துக்குக் காற்றாகத் தெரிகிறது. உண்மையில் 110 மில்லிமீட்டர் தண்ணீர் என்பது 1 கிலோபாஸ்கல் சொச்சம், அதில் துணியின் பங்கு பாதிதான், அதனால் காற்று அரை சதவீதம் போலத்தான் குறைந்திருக்கும்.

சரி, நன்றாகவே அடைப்போம் என்று பாலிதீன் தாளில் ஒரு சின்ன ஓட்டை விட்டு ஃபில்டர் மேல் வைத்தோம். அண்ணன் “மெதுவா” என்று சொல்லி முடிப்பதற்குள் மானோமீட்டர் தண்ணீர் முழுக்க ‘சர்ர்’ என்று பெட்டிக்குள் உறிஞ்சப்பட்டது. என் சென்சார் 2 கிலோபாஸ்கலோடு 4.5 வோல்ட்டில் முட்டி நின்றது. இன்டேக் பைப்பின் சராசரி அழுத்தம் 9 கிலோபாஸ்கல் கீழே. லாம்டா 2.2-ல் இருந்து 2.0. தாளை எடுக்கக் கை நீட்டினேன், அதற்குள் ‘டப்’. வலைக்கும் பெட்டிக்கும் நடுவில் இருந்த ரப்பர் ஹோஸ் நீளமாகக் கிழிந்தது.

எஞ்சினை நிறுத்தி, மானோமீட்டரில் தண்ணீர் ஊற்றி, தாளை எடுத்துவிட்டு, கிழிந்த ஹோஸோடு கொஞ்ச நேரம் ஓட்ட அண்ணனைக் கெஞ்சினேன். ஒரு நிமிடம் கொடுத்தார். மானோமீட்டர் 30, சாக்பீஸ் கோட்டுக்கு ரொம்பக் கீழே. காற்று ஆரிஃபைஸ் வழியாக வராமல் கிழிசல் வழியாக உள்ளே போகிறது. லாம்டா பழையபடி 2.2. இன்டேக் அழுத்தத்தில் மாற்றம் இல்லை. பெட்ரோல் காரில் ஹோஸ் லீக்கை இன்டேக் வேக்குவத்தை வைத்துக் கண்டுபிடிப்போம், திராட்டில் இல்லாத எஞ்சினில் இழப்பதற்கு வேக்குவமே இல்லை.

ஆக, மானோமீட்டர் ஏறியும் லாம்டா ஏறாமல் நின்றாலோ இறங்கினாலோ அடைப்பு. மானோமீட்டர் இறங்கி லாம்டா அப்படியே இருந்தால் கிழிசல். ஒரு சென்சாரை மட்டும் பார்த்திருந்தால் இரண்டிலும் ஏமாந்திருப்பேன். நான் இத்தனை வாரம் தேடிய விடை ஒரு துணியிலும் ஒரு பாலிதீன் தாளிலும் கிடைத்தது.

அன்று இரவு தூங்கவில்லை, வெடித்த நேரத்துப் பதிவையே பார்த்துக்கொண்டிருந்தேன். எஞ்சின் பிளாக்கில் அதிர்வைக் கேட்கும் நாக் சென்சார் ஒன்றும் மாட்டியிருந்தேன், காரில் வரும் வளையம் மாதிரியானதுதான். இந்த போர் அளவுக்கு சிலிண்டருக்குள் அழுத்த அலை 6 கிலோஹெர்ட்ஸ் பக்கம் ஒலிக்கும். அந்தப் பட்டையை மட்டும் வடிகட்டி வைத்திருந்தேன். வால்வு உட்காரும் சத்தமும் இன்ஜெக்டர் டிக்கும் அதில் வரும், அதனால் கிராங்க் கோணத்தோடு சேர்த்துப் பார்த்தால்தான் பயன். எங்கள் பொறி மேல்மட்டத்துக்கு (பிஸ்டன் உச்சிக்கு வரும் இடம்) 12 டிகிரி முன்னால் அடிக்கிறது, வழக்கமாக ஒலி மேல்மட்டம் தாண்டித்தான் எழும். வெடிப்புக்கு முந்தைய நான்கு சுழற்சிகளில் ஒலி தொடங்கிய இடம்: மேல்மட்டத்துக்கு 3 டிகிரி முன், 9 முன், 15 முன், 30 முன். ஐந்தாவதில் இன்டேக் அழுத்தம் வெளிக்காற்றையும் தாண்டி ஊசியாக எழும்பியிருக்கிறது.

15 முன், 30 முன் என்றால் அப்போது பொறியே அடிக்கவில்லை. வேறு ஏதோ பற்றவைத்திருக்கிறது. முன்னதாக எரிந்ததால் சுவர் இன்னும் சூடாகி, அடுத்தது இன்னும் முன்னதாக எரிந்து, கடைசியில் வால்வு மூடுவதற்கு முன்பே பிடித்துக்கொண்டது. லேபின் பீசோ அழுத்த சென்சார் பதிவையும் எடுத்து ஒப்பிட்டேன், அதுவும் இதே வரிசைதான். மறு வாரம் பிளக்கைக் கழற்றினால் முனையில் வெள்ளையாக எண்ணெய்ச் சாம்பல். அது ரொம்ப நாளாக அங்கேதான் இருந்திருக்கும். காற்று பத்து சதவீதம் குறைந்த அன்று அதற்கு வாய்ப்பு கிடைத்தது.

1500 சுற்றில் ஒரு சுழற்சி 80 மில்லிசெகண்ட். பொறிக்கு முந்திய முதல் ஒலியில் இருந்து வெடிப்பு வரை இரண்டு சுழற்சி, 160 மில்லிசெகண்ட். நமக்குக் கண் சிமிட்டும் நேரம், ஈஎஸ்பி32-க்குத் தாராளம். பொறிக்கு முன்னால் ஒரு முறை ஒலி கேட்டாலே அடுத்த கேஸை நிறுத்தலாம்.

ஆறாம் சனி புது ஹோஸ், புது பிளக், புதுத் தண்ணீர். மானோமீட்டருக்கு ஒரு மூடி போட்டோம். என் சென்சாரின் இரண்டு முனையையும் ஆரிஃபைஸின் இரு பக்கமும் மாற்றி வைத்தேன், இப்போது துணி போர்த்தினால் காற்று ‘கூடுவதில்லை’. திறந்த முனை மானோமீட்டரையும் விடவில்லை, அடைப்பைச் சொல்வது அதுதான்.

நடுவில் ஒரு மாணவன் கேட்டான்: “அண்ணா, கம்பெனிக்காரங்க இதை எப்படிச் சமாளிக்கிறாங்க?” ஆளுக்கு ஒரு வழி. மாஸ்தா ரோட்டரி எஞ்சினில் காற்று இழுக்கும் அறை வேறு, எரியும் அறை வேறு, அதனால் இழுக்கும் பக்கம் சூடாகாது. டொயோட்டா 2021-ல் ஃபுஜி 24 மணி நேரப் பந்தயத்தில் ஓட்டிய கொரோல்லாவில் ஹைட்ரஜன் நேராக சிலிண்டருக்குள்ளேயே பீய்ச்சப்படுகிறது. வால்வு மூடிய பிறகு கொடுத்தால் பைப்பில் வெடிக்க எதுவுமே இருக்காது. ஆனாலும் பொறிக்கு முன்னால் தானாகப் பற்றிக்கொள்ளும் தொல்லை அதிலும் உண்டு, என் நாக் சென்சாருக்கு வேலை போகாது.

ஏழாம் சனி, அதாவது நேற்று. வேண்டுமென்றே ஹோஸ் கிளிப்பைத் தளர்த்தி ஓட்டினோம். மானோமீட்டர் 41-க்கு இறங்கியது, லாம்டா அசையவில்லை, அதற்கு முன் அழுத்த ஊசியும் இல்லை. போர்டு ‘லீக், வெடிப்பு இல்லை’ என்று எழுதியது. துணி போட்டபோது ‘அடைப்பு’ என்றது. கம்ப்ரஸர் ஓடும் பக்கத்து அறை அதிர்வில் இரண்டு முறை பொய்யாக ‘முன் எரிதல்’ என்று அலறியது, நாக் சென்சார் போல்ட்டை இன்னும் கெட்டியாக முறுக்கிப் பார்க்க வேண்டும். அது தீரும் வரை கேஸ் இன்ஜெக்டர் ரிலேயில் என் வயர் கூடாது, சிவப்பு விளக்கு மட்டும் எரியலாம் என்று அண்ணன் சொல்லிவிட்டார். விளக்கை மானோமீட்டருக்குப் பக்கத்தில், சாக்பீஸ் கோட்டுக்கு நேராக மாட்டியிருக்கிறேன்.