அடுப்பை அணைக்க அனுமதி கேட்ட அத்தை

"சார், அடுப்பை அணைச்சிட்டு வந்துடட்டுமா?" என்று போனைப் பார்த்துக் கேட்டிருக்கிறார் அத்தை. சாப்பாட்டு மேசையில் தண்ணீர்ச் சொம்பில் சாய்த்து வைத்த போன், அதில் காக்கிச் சட்டை போட்ட ஒருவன், பின்னால் தேசியக் கொடி. "ரெண்டு நிமிஷத்துல வாங்க" என்று அவன் சொன்ன பிறகுதான் எழுந்திருக்கிறார். சொந்த வீட்டு அடுப்படிக்குப் போக.

இரண்டு நாள் இப்படியே. 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்று செய்தியில் படித்திருப்பீர்கள், அதேதான்: போலீஸ் வேஷத்தில் வீடியோ காலில் வந்து, கைது என்று மிரட்டிப் பணம் பறிக்கும் மோசடி. உங்கள் பெயரில் வந்த பார்சலில் போதைப்பொருள் இருக்கிறது, மும்பையில் வழக்குப் பதிவாகியிருக்கிறது, உங்கள் ஆதாரை வைத்துக் கணக்குத் திறந்திருக்கிறார்கள், கேமராவை அணைக்கக் கூடாது, விசாரணை ரகசியமானது, பிள்ளைகளிடம்கூட மூச்சு விடக் கூடாது, விட்டால் அவர்களும் உள்ளே போவார்கள். கடைசியில் 'சரிபார்க்க வேண்டும்' என்று வைப்புத்தொகையை உடைக்க வைத்து அவர்கள் சொன்ன கணக்குக்கு அனுப்ப வைத்துவிட்டார்கள். வாத்தியார் வேலை பார்த்துச் சேர்த்த பணம்.

விஷயம் தெரிந்ததும் சொந்தக்காரர்கள் எல்லாரும் கேட்டது ஒன்றுதான்: "இவ்வளவு படிச்சும் ஏமாந்துட்டீங்களே?" அந்தக் கேள்விதான் எனக்குத் தாங்கவில்லை. வர்த்தமான் என்ற பெரிய ஜவுளிக் குழுமத்தின் தலைவர் எஸ்.பி. ஓஸ்வால், பத்மபூஷண் வாங்கியவர், 2024-ல் இதே வலையில் விழுந்து 7 கோடி ரூபாய் அனுப்பினார். அவருக்கு உச்ச நீதிமன்ற விசாரணை என்று ஒன்றை வீடியோவில் நடத்தியே காட்டினார்கள், தலைமை நீதிபதி சந்திரசூட் என்று சொல்லிக்கொண்டு ஒருவன் உத்தரவு போட்டான். படிப்பு இதில் என்ன செய்யும்?

அத்தை வாழ்நாள் முழுக்க முறையாக இருந்தவர். ஜெராக்ஸ் இல்லை, கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று திருப்பி அனுப்பினால் மறுநாள் மறுபடி போய் வரிசையில் நின்றவர். அரசாங்கத் தாளில் ஒரு எழுத்து தப்பாக ஏறிவிட்டால் அதைத் திருத்த எத்தனை நடை நடக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும், எதிர்த்துப் பேசினால் நடை இரட்டிப்பாகும் என்றும் தெரியும். அந்தப் பயம் ஏற்கெனவே அவருக்குள் இருந்தது, அவன் உடுப்பை மட்டும் மாட்டிக்கொண்டு வந்தான்.

1961-ல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் ஸ்டான்லி மில்கிராம் தொடங்கிய சோதனையைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கலாம். அடுத்த அறையில் இருப்பவர் தப்பாகப் பதில் சொன்னால் மின் அதிர்ச்சி கொடுக்க வேண்டும் (அதிர்ச்சி நிஜமில்லை, ஆனால் கொடுத்தவர்களுக்கு அது தெரியாது). கோட்டுப் போட்ட ஒருவர் "தொடருங்கள்" என்று சொன்னதற்காக 40 பேரில் 26 பேர் 450 வோல்ட் வரை போனார்கள், வியர்த்து, நடுங்கிக்கொண்டே. பெரும்பாலும் இதோடு கதையை நிறுத்திவிடுவார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது அப்புறம் செய்து பார்த்த மாற்றங்கள்தான். கோட்டுக்காரர் அறையை விட்டுப் போய் டெலிபோனில் உத்தரவிட்டபோது கீழ்ப்படிந்தவர்கள் வெகுவாகக் குறைந்தார்கள். கூட உட்கார்ந்திருந்த இருவர் "எங்களால் முடியாது" என்று எழுந்துவிட்டபோது 40 பேரில் 4 பேர்தான் கடைசிவரை போனார்கள். கேமராவை ஏன் அணைக்க விடுவதில்லை, பிள்ளைகளிடம் ஏன் சொல்ல விடுவதில்லை என்று இதைப் படித்தபோதுதான் எனக்கு விளங்கியது.

நம் சட்டத்தில் டிஜிட்டல் அரெஸ்ட் என்று ஒன்றே கிடையாது, வீடியோவில் யாரும் யாரையும் கைது செய்ய முடியாது. பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்குப் போன் அடிக்க வேண்டும், ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். அத்தை வெட்கப்பட்டுக்கொண்டு எங்களிடம் சொல்லவே மூன்று நாள் ஆனது. அந்த மூன்று நாளுக்கு அவரை நான் குற்றம் சொல்ல மாட்டேன், "ஏமாந்துட்டீங்களே" என்று கேட்கும் வீடுகளில் யார்தான் வாய் திறப்பார்கள்?

இரண்டாம் நாள் மதியம் பக்கத்து வீட்டு அக்கா வந்து மணி அடித்திருக்கிறார். "திறக்காதீங்க" என்றானாம் அவன். "டீச்சரம்மா, தூங்குறீங்களா?" என்று இரண்டு தடவை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, கொண்டுவந்த மோர்க்குழம்பைக் கிண்ணத்தோடு வாசலில் மூடி வைத்துவிட்டுப் போய்விட்டார். கதவுக்கு இந்தப் பக்கம், பத்தடி தூரத்தில், அத்தை வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார். பணத்தைப் பற்றி இப்போது அவ்வளவாகப் பேசுவதில்லை. அந்தக் கிண்ணத்தைப் பற்றித்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறார்.