பத்தியம் கேட்டு வருகிறவர்கள்

புற்றுநோய் வார்டில் டயட்டீஷியனாக இருப்பவரிடம் யாரும் 'என்ன சாப்பிடலாம்' என்று கேட்பதில்லை. 'எதையெல்லாம் நிறுத்தணும் மேடம்?' என்றுதான் ஆரம்பிப்பார்கள். மருந்து என்றால் பத்தியமும் உண்டு என்று வளர்ந்தவர்கள் நாம். என்னிடம் வரும் முன்பே முட்டை, மீன், பால், கத்தரிக்காய் எல்லாவற்றையும் வீட்டில் நிறுத்தியிருப்பார்கள். கீமோ நடக்கும்போது உடல் எடையில் கிலோவுக்கு ஒரு கிராமுக்கு மேல், முடிந்தால் 1.5 கிராம் வரை தினமும் புரதம் வேண்டும். 50 கிலோ எடையுள்ள அம்மாவுக்கு ரசம் சாதத்திலிருந்து 75 கிராம் எப்படிக் கிடைக்கும்?

மார்பகப் புற்றுநோயில் ஹார்மோன் பேச்சும் சேர்ந்துகொள்கிறது. ரிப்போர்ட்டில் 'ஈஆர் பாசிட்டிவ்' என்று இருந்தால், அந்தக் கட்டி வளர ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் துணை போகிறது என்று பொருள். உடனே வீட்டில் யாராவது 'சாப்பாட்டிலேயே ஹார்மோனைச் சரி பண்ணிடலாம்' என்பார்கள். ஹார்மோனைக் கட்டுப்படுத்துவது மாற்று வைத்தியக்காரர்களின் கண்டுபிடிப்பு இல்லை. முற்றிய மார்பகப் புற்றுநோயில், ஈஸ்ட்ரோஜனைச் சுரக்கும் சினைப்பைகளை எடுத்தபின் கட்டி சுருங்கியதை ஸ்காட்லாந்து மருத்துவர் ஜார்ஜ் பீட்சன் 1896இலேயே எழுதிவிட்டார். இன்று தரும் டமாக்சிஃபென், லெட்ரோசோல் போன்ற ஹார்மோன் மாத்திரைகள் எல்லாம் அந்த வழியில் வந்தவைதான். ஆளிவிதைப் பொடியால் அந்த வேலையைச் செய்ய முடியாது.

சோயாவைப் பற்றிய பயம் தனி. அதில் ஈஸ்ட்ரோஜன் போன்ற பொருள் இருக்கிறது என்று கேள்விப்பட்டு மீல்மேக்கரை ஒதுக்குகிறார்கள். ஷாங்காயில் மார்பகப் புற்றுநோய் சிகிச்சை பெற்ற சுமார் 5,000 பெண்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2009இல் வந்தது. சோயா உணவு அதிகம் சாப்பிட்டவர்களிடம் நோய் திரும்புவது குறைவாகவே இருந்தது. அதனால் குழம்பில் போட்டுச் சாப்பிடுங்கள், சோயா கேப்சூல் மட்டும் வேண்டாம் என்பேன்.

சாப்பாடு ஹார்மோனை உண்மையிலேயே தொடும் இடம் ஒன்று உண்டு. அதைச் சொன்னால்தான் முகம் சுருங்கும். மாதவிடாய் நின்றபின் உடலில் ஈஸ்ட்ரோஜன் பெரும்பாலும் கொழுப்புத் திசுவில்தான் உருவாகிறது. லெட்ரோசோல் தடுப்பதும் அதைத்தான். ஆகவே சிகிச்சை முடிந்து உடம்பு தேறியதும் இடுப்பைச் சுற்றி ஏறும் எடையைக் கவனிக்கச் சொல்கிறேன். "அன்னிக்கு சாப்பிடு சாப்பிடுன்னீங்க, இப்போ குறைன்னா எப்படி மேடம்?" என்று ஒரு அக்கா சண்டைக்கே வந்துவிட்டார். நியாயமான கோபம்தான். கீமோவின்போது எடை இறங்கக் கூடாது, அப்புறம் ஏறக் கூடாது. இரண்டையும் சொல்வது ஒரே ஆள் என்றால் குழப்பமாகத்தானே இருக்கும்?

எனக்குப் பயம் வேறொன்றில். இந்த ஹார்மோன் மாத்திரைகளைக் குறைந்தது 5 வருடம் போட வேண்டும். திடீர் திடீரென்று உடம்பு கொதிக்கும், மூட்டு வலிக்கும். சிலர் சத்தமில்லாமல் மாத்திரையை நிறுத்திவிட்டு முள்சீத்தா இலைக் கஷாயத்துக்கு மாறிவிடுகிறார்கள். கேட்டால், "இயற்கைதானே மேடம்" என்பார்கள். அதிகமாகக் குடித்தால் நரம்பைப் பாதிக்கலாம் என்ற சந்தேகம் அந்தச் செடியின் மேல் உண்டு. லெட்ரோசோல் எலும்பைத் தேய்க்கும், அதற்குக் கேழ்வரகும் நடையும் இருக்கின்றன; மூட்டு வலியைச் சொல்ல டாக்டர் இருக்கிறார்; சொன்னால் மருந்தையே மாற்றித் தருவார்கள். இப்போதெல்லாம் டயட் சார்ட் எழுதும் முன் மாத்திரை அட்டையைத்தான் கேட்டு வாங்கிப் பார்க்கிறேன்.