முத்துலட்சுமி ரெட்டி கண்காட்சி: ஆண்டுகளைச் சரிபார்த்த அனுபவம்

ஜூலை 30, மருத்துவரும் சமூகச் சீர்திருத்தவாதியுமான டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பிறந்தநாள். அதற்காக எட்டுப் பலகைகளில் அவர் வாழ்க்கையைச் சொல்லும் சிறு கண்காட்சி. படங்களும் வடிவமைப்பும் சிக்கலில்லாமல் முடிந்தன. உயிரை எடுத்தது தகவல் சரிபார்ப்புதான். இதே வேலையில் இறங்குகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

முதல் முட்டுக்கட்டை பெயரிலேயே. இணையத்தில் தமிழில் தேடினால் பக்கம் பக்கமாக அவர் பெயர் கொண்ட மகப்பேறு நிதியுதவித் திட்டம்தான் வருகிறது. ஓர் அலுவலகத்தில் பெயரைச் சொன்னதும், நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "அதுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்துல போய்க் கேளுங்க" என்று அனுப்பிவிட்டார்கள். அரை நாள் போயிற்று. அந்தத் திட்டத்துக்கு யார் பெயர் வைத்திருக்கிறார்கள் என்று அங்கே ஒருவருக்கும் தெரியவில்லை என்பது இன்னும் வலிக்கிறது.

நூலகப் பட்டியலில் ரெட்டி என்பதன் ஆங்கில எழுத்து சில இடங்களில் 'ஒய்'யிலும் சில இடங்களில் 'ஐ'யிலும் முடியும். இரண்டையும் போட்டுப் பாருங்கள். தமிழில் முத்துலட்சுமி, முத்துலெட்சுமி இரண்டும் உண்டு. சுந்தர ரெட்டியைத் திருமணம் செய்தது 1914-இல். அதற்கு முந்தைய கல்லூரி ஆவணங்களில் 'ரெட்டி' என்று தேடுவது வீண்.

அதிகம் அலைய வைத்தது தேவதாசிச் சட்டம். ஆவணக் காப்பகத்தில் '1929 தேவதாசி ஒழிப்புச் சட்டம்' என்று எழுதிக் கொடுத்தேன். அப்படி எதுவும் இல்லை என்று சீட்டு திரும்பி வந்தது. பதில் சரிதான். 1929-இல் நிறைவேறியது இந்து சமய அறநிலையச் சட்டத்துக்கான ஒரு திருத்தம். தலைப்பில் தேவதாசி என்ற சொல்லே கிடையாது. கோவில் ஊழியத்துக்காக விடப்பட்ட இனாம் நிலத்தை அந்த ஊழியத்திலிருந்து பிரித்து, தேவதாசிப் பெண்களுக்கே உரிமையாக்கியது அது. பொட்டுக்கட்டுவதை, அதாவது பெண்களைக் கோவிலுக்கு நேர்ந்துவிடுவதைத் தடுக்கும் மசோதாவை 1930-இல் தனியாகக் கொண்டுவந்தார். காந்தி கைதானதைக் கண்டித்து அதே ஆண்டு சட்டசபைப் பதவியைத் துறந்தார். தடைச்சட்டம் நிறைவேறியது 1947-இல். இடையில் 17 ஆண்டுகள்! 1929, 1947 சட்டங்கள் இரண்டையும் ஒன்றாக்கி எழுதினால் அந்த நீண்ட போராட்டமே காணாமல் போய்விடும். எங்கள் பலகையில் இரண்டுக்கும் தனித்தனிக் கட்டம் போட்டோம். ஆவணம் கேட்கும்போது ஆண்டையும் சட்டத்தின் முழுத் தலைப்பையும் எழுதிக் கொடுங்கள். அவர் பெயரை மட்டும் கொடுத்தால் கிடைக்காது.

அதே 1929-இல்தான் குழந்தைத் திருமணத் தடைக்கான சாரதா சட்டமும் வந்தது. அதையும் இவரே கொண்டுவந்ததாகப் பல கட்டுரைகளில் இருக்கிறது. மத்திய சட்டசபையில் அதைக் கொண்டுவந்தவர் ஹர் பிலாஸ் சாரதா. முத்துலட்சுமி அதற்கு ஆதரவாக நின்றவர்.

'மேலவை உறுப்பினர்' என்ற சொல்லிலும் கவனம் தேவை. அவர் உறுப்பினராக இருந்த 1927-இல் சென்னை மாகாணத்தில் இருந்தது ஒரே சட்ட அவை. மேலவை, கீழவை என்று பிரிந்தது 1937-இல். அவர் தேர்தலில் நின்று வந்தவரல்ல, நியமன உறுப்பினர். அவையின் துணைத் தலைவராக உறுப்பினர்கள் அவரைத் தேர்ந்தெடுத்தார்கள்.

இனி 'முதல்' என்ற சொல். இதை ஒட்டும் முன் பத்து முறை யோசிக்க வேண்டும். 'இந்தியாவின் முதல் பெண் மருத்துவர்' தவறு. அவர் பிறந்த 1886-இலேயே ஆனந்திபாய் ஜோஷியும் காதம்பினி கங்குலியும் தகுதி பெற்றுவிட்டார்கள். 'சென்னை மருத்துவக் கல்லூரியின் முதல் மாணவி' என்பதும் தவறு. 1875-இலேயே மேரி ஷார்லீப் அங்கே சேர்ந்திருக்கிறார். 'முதல் பெண் சட்டமன்ற உறுப்பினர்' என்றால் 'பிரிட்டிஷ் இந்தியாவில்' என்று சேர்த்துவிடுங்கள். திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் மேரி புன்னன் லூக்கோஸ் 1922-இலேயே நியமனம் பெற்றார், அவரும் மருத்துவர்தான். புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியின் முதல் மாணவி என்பதைத் தயங்காமல் எழுதலாம். ஆண்கள் மட்டும் படித்த கல்லூரியில், எதிர்ப்பையும் மீறி நுழைந்தவர். தவறான பட்டங்களைக் கழித்த பிறகும் அவர் உயரம் ஓர் அங்குலம்கூடக் குறையவில்லை.

அச்சுக்குப் போகுமுன் கடைசியாகப் பாருங்கள்: 1912-இல் பெற்ற மருத்துவப் பட்டம் எம்.பி. அண்ட் சி.எம்.; எம்.பி.பி.எஸ். அல்ல. அவர் முயற்சியால் உருவான அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கு நேரு அடிக்கல் நாட்டியது 1952, செயல்படத் தொடங்கியது 1954. மறைந்த நாள் 1968 ஜூலை 22. பிறந்தநாளும் ஜூலை என்பதால் இரண்டும் இடம் மாறும். எங்கள் முதல் மெய்ப்பில் மாறித்தான் இருந்தது. அச்சகத்துக்குப் போவதற்கு முந்தைய இரவு கண்ணில் பட்டுவிட்டது.