அக்காவின் கிட்டாருக்குக் கீழே

தென்னாப்பிரிக்காவின் சாட்ஸ்வர்த்தில் ஓர் அக்கா தானே பாட்டு எழுதி, கிட்டார் வாசித்துப் பாடுகிறார். பேஸ், அதாவது தாழ்ந்த சுரங்களுக்கான கிட்டார், நான். டிரம்ஸ் கிடையாது.

அவருடைய கட்டைவிரலே தாழ்ந்த சுரம் தரும் தடித்த கம்பிகளில் விடாமல் தட்டிக்கொண்டிருக்கும். அங்கே நானும் புகுந்தால் குழம்பிவிடும். கிட்டாரின் தடித்த கம்பி சுமார் 82 ஹெர்ட்ஸ், பேஸில் அது 41. அந்த ஒரு ஸ்தாயி கீழே எனக்குத் தாராளமாக இடம் இருக்கிறது. அதனால் சரணம் முழுக்க நீண்ட ஒற்றைச் சுரங்கள்தான். வரி முடிந்து அவர் மூச்சு எடுக்கும்போது மட்டும் ஒரு சின்ன நகர்வு. எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான்.

அப்புறம் கேப்போ, கிட்டாரின் கழுத்தில் எல்லாக் கம்பிகளையும் அழுத்திப் பிடிக்கும் கவ்வி. அதை இரண்டாம் ஃபிரெட்டில் (கழுத்தின் இரண்டாம் கட்டையில்) போட்டால் அவர் விரல் பிடிப்பது ஜி, ஒலிப்பது ஏ. கண்ணை நம்பக் கூடாது, காதைத்தான் நம்ப வேண்டும்.

புதுப் பாட்டைத் தமிழில் எழுதியிருக்கிறார்! சனிக்கிழமை ஒத்திகை. அதற்குள் வரிகளை மனப்பாடம் செய்துவிட வேண்டும்.