பழைய பைதானிலிருந்து வந்த பெயர்கள்

இலங்கையில் அட்டனுக்கு அருகே ஒரு தேயிலைத் தோட்டத்துக்காக, மடுவம் என்ற நிறுவைக் கொட்டகையில் நிறுக்கும் கொழுந்தை ஆள்வாரியாகக் கூட்டித் தரும் சிறு நிரல் ஒன்றைப் பைதான் என்னும் நிரல்மொழியின் 2ஆம் பதிப்பில் எழுதிக் கொடுத்திருந்தேன். 2020 ஜனவரி 1உடன் அப்பதிப்புக்கான ஆதரவு முடிவுற்றதால், ஒரு மாதத்தின் நடுவில் அதைப் பைதான் 3க்கு மாற்றினேன். மாத இறுதியில், தன் நிறையை நாள்தோறும் நினைவில் வைத்திருந்த அக்கா ஒருவர், பட்டியலில் பாதிக்கு மேல் குறைகிறது என்றார். அவர் சொன்னது சரி. முற்பகுதி நிறை எவருக்கும் சேரவில்லை. பிழைச்செய்தி ஒன்றுகூட வரவில்லை.

பைதான் 2இல் சாதாரண சரம் (எழுத்துத்தொடர்) என்பது பைட்டுகளின், அதாவது கணினி சேமிக்கும் எண்களின், வரிசைதான். ‘கொழுந்து’ என்பதை யூடிஎஃப்-8இல், அதாவது உலக எழுத்துகளுக்கான யுனிகோட் குறிகளைப் பைட்டுகளாக்கும் முறையில், எழுதினால் பழைய பதிப்பு அதன் நீளத்தை 24 என்னும். யுனிகோட் குறிகளை எண்ணும் புதிய பதிப்பு 8 என்னும். நாம் வாசிப்பதோ நான்கு எழுத்து. பழைய பதிப்பு பைட்டுச் சரத்தையும் யுனிகோட் சரத்தையும் கலக்கும்போது, பைட்டுகளை ஆஸ்கி (ஆங்கில எழுத்துகளுக்கான பழைய குறியாக்கம்) என்று கருதித் தானே மாற்றிக்கொள்ளும் என்பதால், ஆங்கிலப் பெயர்களை வைத்து மட்டும் சோதிப்பவருக்குக் குறை தெரியவே தெரியாது.

என் தவறு வேறிடத்தில் இருந்தது. பழைய கூட்டுத்தொகைகளை, பைதான் தன் தரவை அப்படியே சேமிக்கும் ‘பிக்கிள்’ கோப்பில் சேமித்திருந்தேன். புதிய பதிப்பு அதைத் திறக்க மறுத்தபோது, குறியாக்கத்தை ‘பைட்ஸ்’ என்று கொடுத்துத் திறந்துவிட்டேன். அதனால் பெயருக்கு எதிரே நிறையை வைத்திருக்கும் அகராதி என்ற அமைப்பின் திறவுகள், அதாவது அந்தப் பெயர்கள், பைட்டுகளாகவே இருந்தன. தேடிய பெயர்களோ யுனிகோட் சரங்கள். பைதான் 3இல் இவ்விரண்டும் ஒருபோதும் சமமாகா. பெயர் கிடைக்காவிட்டால் பூச்சியம் என்று நானே எழுதி வைத்திருந்ததால், ஒருவருடைய உழைப்பு ஓசையின்றி அழிந்தது.

இப்போது கோப்பிலிருந்து வரும் எதையும் வாசலிலேயே யூடிஎஃப்-8 ஆக அவிழ்த்து (பைட்டுகளை எழுத்தாக மாற்றி), உள்ளே யுனிகோட் சரமாக மட்டும் வைத்து, எழுதும்போதுதான் மறுபடி பைட்டாக்குகிறேன். ‘கொ’வின் உயிர்க்குறியை ஒரே குறியாகவும் இரண்டு குறிகளாகவும் சேமிக்க முடியும் என்பதால், அவற்றை ஒரே வடிவாக்கும் என்எஃப்சி என்ற யுனிகோட் முறையில் சீர்ப்படுத்திய பிறகே பெயர்களை ஒப்பிடுகிறேன். பைட்டையும் சரத்தையும் நேரடியாக ஒப்பிட்டால் நிரலை நிறுத்தும் பைதானின் ‘பிபி’ (-bb) தெரிவும் உதவுகிறது. அகராதித் தேடலில் அதை நம்பியிருக்க முடியாது. ஆகவே அந்தப் பூச்சியத்தை நீக்கிவிட்டேன்: பெயர் கிடைக்காவிட்டால் நிரல் அங்கேயே நிற்க வேண்டும்.

யுனிகோடுக்கு முந்தைய பாமினி எழுத்துருவில் தட்டச்சான சில பழைய பெயர்கள் இன்னும் எஞ்சியுள்ளன. அவை ஆங்கில எழுத்துகளாகவே சேமிக்கப்பட்டிருப்பதால் எந்தப் பிழையுமின்றி அவிழும், ஆனால் தமிழாகா. அவற்றைத் தோட்டத்துச் செக்ரோலோடு (தொழிலாளர் பெயர்ப் பதிவேட்டோடு) ஒவ்வொன்றாக ஒப்பிட்டுத் திருத்தி வருகிறேன்.