பை நனைஞ்சா எலி குண்டாகும்

எந்த எலி பொறந்த இடத்த விட்டுப் போகுதுன்னு பாக்கற ஆராய்ச்சி ப்ராஜெக்ட் ஒண்ணுல ஃபீல்டு அசிஸ்டன்ட்டா சேர்ந்தப்ப என் வேலை ரொம்ப சிம்பிள்தான். விடியக்காலைல ஷெர்மன் ட்ராப் (எலிய உயிரோட பிடிக்கற பெட்டி) எல்லாத்தையும் ஒரு ரவுண்டு பாக்கணும், கதவு மூடியிருந்தா உள்ள இருக்கறத துணிப்பைக்குள்ள தட்டி ஸ்ப்ரிங் தராசுல மாட்டணும், பை எடையக் கழிச்சு காது டேக் நம்பரோட நோட்ல எழுதணும். நான் வெறும் பைய காலைல ஒரே ஒரு தடவ எடை போட்டுட்டு அதையே கடைசி வரைக்கும் கழிச்சிட்டிருந்தேன். பைக்குள்ள போறதெல்லாம் பயத்துல மூத்திரம் அடிச்சிடும், பை நனைய நனைய வரிசைல கடைசில வர்ற எலி எல்லாம் குண்டாயிட்டே போச்சு! 30 கிராம் எலிக்கு 2 கிராம் தப்புன்னா நமக்கு நாலஞ்சு கிலோ மாதிரி. ஒரு வாரம் டேட்டா குப்பைக்குப் போச்சு, நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன்.

அப்பல்லாம் நோஞ்சான் குட்டிங்களத்தான் மத்ததுங்க அடிச்சு விரட்டும், அதுங்கதான் பொறந்த இடத்த விட்டு போகும்னு நெனச்சிட்டிருந்தேன். சீனியர் ஒருத்தர் நோட்ட நீட்டி, ட்ராப்ல திரும்ப வராம காணாம போனதுங்க கடைசியா எவ்ளோ எடை இருந்துச்சுன்னு பாருங்கன்னாரு. பாதிக்கு மேல மளமளன்னு வளந்த இளம் ஆணுங்க. பெல்டிங் தரை அணில்னு அமெரிக்காவுல வளை தோண்டி வாழற ஒரு அணில்லயும் இப்படித்தானாம், ஆண் குட்டி ஒரு குறிப்பிட்ட எடைய தாண்டினதும்தான் கெளம்புது, வழில செலவழிக்க உடம்புல கொழுப்பு வேணும்ல. மண்ணுக்கடில கூட்டமா வாழற முடியில்லாத மோல் எலில கூட்டத்த விட்டுப் போறதுக்குன்னே கொழுத்த ஒரு தனி ரகம் இருக்குன்னு 1996ல எழுதினாங்க. ஆனா வோல்ங்கற குட்டை வால் எலிங்கள்ல கணக்கு இவ்ளோ சுத்தமா வராது, சில இடத்துல போறது பெருசு, சில இடத்துல சிறுசு.

எனக்கு உறுத்துனது வேற. ட்ராப்ல வரலன்னா ஊர விட்டு போச்சா, ஆந்தை தூக்கிட்டு போச்சா? அத பாக்கத்தான் ரேடியோ காலர் வாங்கினோம். காலர் உடம்பு எடைல 5 சதவீதத்துக்கு மேல போகக்கூடாதுன்னு பொதுவா ஒரு கணக்கு வச்சிருப்பாங்க, எங்க காலர் ஒன்றரை கிராம், அப்ப 30 கிராமுக்கு கீழ எதுக்கும் மாட்ட முடியாது. அந்த சீசன் முடிவுல தூரமா போனதுன்னு கண்டுபிடிச்சது எல்லாமே பெரிய எலிங்கதான், மீட்டிங்ல எல்லாருக்கும் ஒரே குஷி. எனக்கு மட்டும் பை ஞாபகம் வந்துச்சு. சின்னதுக்கு நாம காலரே மாட்டலையே சார்னு கேட்டேன். கொஞ்ச நேரம் யாரும் பேசல, அப்புறம் பெருசுங்கதான் தூரமா போகுதுங்கற வரிய ஸ்லைட்ல இருந்து எடுத்துட்டாங்க.